பக்கக்காற்றும் ஒரு நடுக்கயிறும்

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவில் கோடைக்காலக் காற்று நேரம் பார்த்து வரும். காலை 9 மணிக்குத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். 11 மணிவாக்கில் மேற்கிலிருந்து முதல் சிலிர்ப்பு. 1 மணிக்கு அலைத்தலைகளில் வெள்ளை நுரை எட்டிப்பார்க்கும். 3-க்கும் 5-க்கும் நடுவில் 20 நாட், 25 நாட் என்று அடிக்கும் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்). பொழுது சாய்ந்த பிறகுதான் தணியும். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முடிய பெரும்பாலான நாள்கள் இப்படித்தான்.

காரணம் உள்நாட்டில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் நடுவில் நீண்டு கிடக்கும் சென்ட்ரல் வேலி சமவெளி பகல் வெயிலில் கொதிக்கும். கோடையில் 40 டிகிரி செல்சியஸ் அங்கே பெரிய செய்தியில்லை. சூடான காற்று மேலே கிளம்ப, பசிபிக்கின் குளிர்ந்த கனத்த காற்று அந்த இடத்துக்கு ஓடிவருகிறது. கரை நெடுகிலும் மலைத்தொடர் மறித்து நிற்கிறது. கடல் மட்டத்திலேயே திறந்திருக்கும் பெரிய வாசல் கோல்டன் கேட் நீரிணைதான். குறுகலான இடத்தில் ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம் அகலம். மொத்தக் காற்றும் அதற்குள் நுழைந்து வேகம் பிடிக்கிறது. அந்த வாசலுக்கு நேர் எதிரே, கிழக்குக் கரையில், பெர்க்லி. 2013-இல் அமெரிக்காஸ் கப் பாய்மரப் பந்தயம் இந்த வளைகுடாவில் நடந்தது. பாய் விரிப்பவர்களுக்கு இந்தக் காற்று வரம்.

என்னைப் போல் சின்ன மோட்டார் படகு வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. குழந்தைகளோடு காலையில் கிளம்புகிறோம். காற்றே இல்லை, கயிற்றை அவிழ்த்ததும் படகு தானாக வெளியே வருகிறது. ஏஞ்சல் தீவு வரை போய், சாப்பிட்டுவிட்டு, 4 மணிக்குத் திரும்புகிறோம். அந்த நாளின் மிகச் சுலபமான வேலையைக் காலையில் செய்துவிட்டு, மிகக் கடினமான வேலையை, எல்லாரும் வெயிலில் களைத்திருக்கும் வேளைக்கு வைத்துக்கொள்கிறோம். படகைக் கட்டும் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எடை. என் படகு 21 அடி, அதாவது ஆறரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பின்னால் ஒற்றை அவுட்போர்டு, அதாவது படகின் பின்புறத்தில் வெளியே மாட்டியிருக்கும் எஞ்சின். தண்ணீருக்கு மேலே தெரியும் பக்கவாட்டுப் பரப்பு, கண்ணாடியையும் சேர்த்து, சுமாராக 7 சதுர மீட்டர். பக்கத்திலிருந்து 10 நாட் காற்று அடித்தால் அதன் மேல் விழும் விசை ஏறக்குறைய 11 கிலோ எடைக்குச் சமம். ஒரு கையால் தள்ளிவிடலாம். காற்று 20 நாட் ஆகும்போது விசை இரட்டிப்பதோடு நிற்பதில்லை. வேகத்தின் வர்க்கப்படி அது கூடுகிறது, வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு; 45 கிலோ ஆகிவிடும். 25 நாட்டில் 70 கிலோ. விடாமல் தள்ளிக்கொண்டிருக்கும் 70 கிலோ. வெயிலுக்காக மேலே விரிக்கும் துணிக்கூரையை மடிக்காமல் விட்டிருந்தால் இன்னும் கூடும். அதனால் மரினா என்கிற படகுத்துறையின் வாசலுக்கு வெளியிலேயே அதை மடித்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ஒருவர், மனைவியையோ பிள்ளையையோ "காலை நீட்டித் தள்ளு" என்று சொல்லமாட்டார். ஒன்றரை டன் படகுக்கும் கான்கிரீட் மேடைக்கும் நடுவில் ஒரு கணுக்காலுக்கு இடமில்லை.

அடுத்தது, காற்று படகை எப்படித் தள்ளுகிறது என்பது. படகு பக்கவாட்டில் அப்படியே நகரும் என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். நகராது, திரும்பும். முன்முனையை அணியம் என்றும் பின்முனையை அமரம் என்றும் நம் கடற்கரைகளில் சொல்வார்கள். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். வேகப்படகின் அணியம் இலேசானது. தண்ணீருக்கு மேலே உயர்ந்து நிற்கும், கீழே ஆழம் கிடையாது, பிடிமானம் கிடையாது. எடை முழுவதும் அமரத்தில்: எஞ்சின், பேட்டரி, எரிபொருள் தொட்டி, தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் எஞ்சின் கால். காற்று அடித்தால் அணியம் முதலில் விலகி ஓடும். அமரம் கிட்டத்தட்ட நின்ற இடத்தில் நிற்கும். எஞ்சினை நியூட்ரலில் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தால், கொஞ்ச நேரத்தில் படகு காற்றுக்கு முக்கால்வாசி முதுகைக் காட்டிக்கொண்டு மிதக்கும்.

இந்தப் பரிசோதனையை ஒவ்வொரு முறையும் செய்கிறேன். மரினாவுக்கு வெளியே, அகலமான தண்ணீரில், நியூட்ரல். அணியம் எந்தப் பக்கம் விழுகிறது, எவ்வளவு வேகமாக விழுகிறது என்று பார்க்கிறேன். பயணிகளின் எடை, தொட்டியில் மிச்சமிருக்கும் பெட்ரோல் எல்லாம் இதை மாற்றும். நேற்றுப் பார்த்தது இன்றைக்கு அப்படியே இருக்காது. உள்ளே போனதும் இந்த விலகலைத்தான் சமாளிக்கப் போகிறேன் என்பதால், அதன் அளவு முன்பே கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஃபெண்டர்கள், அந்த ரப்பர் காற்றுப் பைகள், இங்கேயே தொங்கவிடப்படுகின்றன. கயிறுகள் இங்கேயே கைக்கு வருகின்றன. உயிர்காப்புச் சட்டை எல்லார் மேலும். எது எந்தப் பக்கம் கட்டப்போகிறோம் என்பதை ஒருமுறை சொல்லிக்கொள்கிறோம். உள்ளே போன பிறகு பேச நேரமிருக்காது. காற்றில் பேச்சும் கேட்காது.

காற்றின் அளவை வெளியே தண்ணீரே சொல்லிவிடும். 1805-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஃபிரான்சிஸ் பியூஃபோர்ட் வகுத்த அளவுகோல் இன்றும் வேலை செய்கிறது: அங்கங்கே வெள்ளை நுரை என்றால் 10 நாட் பக்கம்; எங்கு பார்த்தாலும் நுரை என்றால் 17 முதல் 21. அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை கலிஃபோர்னியாவில் 21 நாட்டிலிருந்து சிறு படகுகளுக்கான எச்சரிக்கை கொடுக்கும். வளைகுடாவில் கோடை மாலைகளுக்கு இந்த எச்சரிக்கை புதிதல்ல. மரினாவுக்குள் அலை இல்லை, அதனால் கண் வேறு இடத்துக்குப் போக வேண்டும். பாய்மரக் கம்பங்களின் உச்சியில் சுழலும் காற்றாடிகளை நான் அதிகம் நம்புவதில்லை. 15 மீட்டர் உயரத்தில் அடிக்கும் காற்று வேறு, படகின் தோளில் அடிப்பது வேறு. கைப்பிடிக் கம்பிகளில் கட்டியிருக்கும் சின்னக் கொடிகள், அலங்காரத் துணிகள், தண்ணீர்ப்பரப்பில் ஓடும் கருத்த சுருக்கங்கள், இவைதான் உண்மை பேசும். கருத்த சுருக்கம் ஒன்று நெருங்கிவந்தால் அடுத்த வீச்சு வருகிறது என்று பொருள். அது கடந்துபோனதும் சில நொடிகள் காற்று மூச்சு வாங்கும். நுழைய அதுதான் வேளை.

இனி எஞ்சின். அவுட்போர்டுக்குத் தனியாகச் சுக்கான் கிடையாது. ப்ரொப்பெல்லர் தள்ளும் திசையை மாற்றித்தான் படகைத் திருப்புகிறோம். கியரில் இல்லாவிட்டால் திருப்பும் சக்தியும் கிட்டத்தட்ட இல்லை. நியூட்ரலில் ஸ்டியரிங்கை எவ்வளவு சுற்றினாலும் படகு கேட்காது. காற்றின் பேச்சைத்தான் கேட்கும். ஆகவே ஒழுங்கு இது: முதலில் ஸ்டியரிங்கைத் திருப்பு, பிறகு கியர். கியர் போட்ட பிறகு திருப்பினால், திரும்புவதற்கு முன்பே படகு இரண்டு மீட்டர் முன்னால் போயிருக்கும். மரினாவில் அந்த இரண்டு மீட்டர் பக்கத்து வீட்டுக்காரருடையது. திருப்பு, கியர், ஒரு நொடி, நியூட்ரல். மறுபடி திருப்பு. திருப்பம் போதவில்லை என்றால் அந்த ஒரு நொடியில் கொஞ்சம் கூடுதலாக த்ராட்டில், அதாவது எஞ்சின் வேகம். தொடர்ந்து கொடுக்காமல் ஒரே ஓர் உதை. நின்றிருக்கும் படகில் அந்த உதை அமரத்தைத் திருப்புமே தவிர, படகுக்கு அதிக வேகம் கொடுக்காது. அதோடு, படகு திரும்புவது அமரத்தை வீசித்தான். அணியத்தை வலப்பக்கம் கொண்டுபோனால் அமரம் இடப்பக்கம் வீசிப் போகும். முன்னால் பார்த்துக்கொண்டே ஓட்டுபவர்கள் இடிப்பதெல்லாம் பின்னால்தான்.

படகுக்காரர்கள் நடுவில் ஓர் அறிவுரை சுற்றுகிறது: மோதத் தயாராக இருக்கும் வேகத்துக்கு மேல் டாக்கை, அதாவது படகு கட்டும் மேடையை, நெருங்காதே. காற்றில்லாத காலைக்கு இது தங்கமான வார்த்தை. பக்கக்காற்றுக்கு இது போதாது என்பதுதான் என் கட்சி. கணக்காகவே சொல்கிறேன். டாக்குக்கு இன்னும் 20 மீட்டர் இருக்கிறது, காற்று படகைப் பக்கவாட்டில் அரை நாட் வேகத்தில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 நாட் வேகத்தில் ஊர்ந்து போனால் அந்த 20 மீட்டருக்கு 40 நொடி ஆகும். அதற்குள் படகு 10 மீட்டர் பக்கவாட்டில் போயிருக்கும். ஸ்லிப்பின், அதாவது மரினாவில் ஒரு படகை நிறுத்தும் இடத்தின், அகலமே அவ்வளவு கிடையாது. இரண்டரை நாட்டில் போனால் 16 நொடி. விலகல் 4 மீட்டர். அந்த 4 மீட்டரை முன்கூட்டியே காற்றுப்பக்கம் ஒதுங்கி ஈடுகட்டிவிடலாம். 10 மீட்டரை முடியாது. வேகம் இருந்தால் அடிப்பாகம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விலகலை இன்னும் குறைக்கும். பயத்தில் வேகத்தைக் கொன்றுவிட்டு, பிறகு காற்று தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துப் பதறிப் போய் முழு த்ராட்டில் கொடுப்பவர்களை இங்கே வார இறுதிகளில் பார்க்கிறேன். சேதமெல்லாம் அந்த இரண்டாவது செயலில் நடக்கிறது. கியரில் போட்டு த்ராட்டிலைத் தொடாமல் விட்டாலே இந்தப் படகுகள் 2, 3 நாட் போகும். அந்த வேகத்தில் உறுதியாக வந்து, கடைசி ஒரு படகு நீளத்தில் ரிவர்ஸ் போட்டு நிறுத்துவதுதான் காற்று நாளின் நிதானம்.

எனக்கு இந்தக் கலையிலேயே மிகவும் பிடித்த பகுதி காத்திருப்பது. முன்னால் யாரோ ஸ்லிப்பில் நுழையத் தடுமாறிக்கொண்டிருப்பார். நாம் ஸ்லிப் வரிசைகளுக்கு நடுவே உள்ள நீர்ச்சந்தில் நிற்க வேண்டும். அணியத்தைக் காற்றுக்கு எதிரே வைத்துக்கொண்டு நிற்கப் பார்த்தால் ஓயாத போராட்டம். இடப்பக்கம் விழும், சரிசெய்தால் வலப்பக்கம் விழும். படகைத் திருப்பி அமரத்தைக் காற்றுக்குக் காட்டி, ரிவர்ஸில் தட்டித் தட்டி நின்றால் அப்படியே நிற்கும். அணியம் காற்றின் வாக்கில் தானாக வழிகாட்டிக் கொடிபோல் நீண்டுகொள்ளும். எஞ்சின் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்திருக்கும். அது விழ விரும்பும் இடத்தில் ஏற்கெனவே விழுந்துவிட்டது, இனி விழ எதுவுமில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், எவ்வளவு வேண்டுமானாலும் இப்படி நிற்கலாம். அலை எழும் திறந்த தண்ணீரில் இதைச் செய்யக்கூடாது, தாழ்வான அமரத்தின் வழியே அலை உள்ளே ஏறிவிடும். மரினாவுக்குள் அந்தக் கவலை இல்லை.

காற்று டாக்கை நோக்கித் தள்ளும் பக்கம் கட்டுவது சுலபம், அதை நீட்டப்போவதில்லை. டாக்குக்கு இணையாக ஒன்றரை மீட்டர் தள்ளிப் படகை முழுவதுமாக நிறுத்திவிட வேண்டும். அணியத்தை மட்டும் காற்றுப்பக்கம் சற்றுத் தூக்கி வைத்துக்கொண்டால், அது விழுந்து இணையாகும் வேளையில் படகு ஃபெண்டர்கள் மேல் வந்து உட்காரும். கடினம் எதிர்ப்பக்கம் இருக்கிறது: டாக்கிலிருந்து வெளியே தள்ளும் காற்று.

என் ஸ்லிப் அந்த வகை. வடக்கு தெற்காக நீண்ட இடம். அதில் இரண்டு படகுகள், நடுவில் தடுப்பு எதுவுமில்லை. நான் கட்டும் மேடை, ஃபிங்கர் என்கிற ஒல்லியான மிதவை, என் இடப்பக்கம், மேற்கில். காற்று மேற்கிலிருந்து. அதாவது மேடையிலிருந்து என்னைப் பிடுங்கிப் பக்கத்துப் படகின் மேல் போடப் பார்க்கும் காற்று.

நீர்ச்சந்தில் காற்றை எதிர்த்துத்தான் வருகிறேன். காற்றோடு வந்து திரும்புவது தப்பான சீட்டு: அணியம் காற்றுக்குக் குறுக்கே வர மறுக்கும், அதற்குள் படகு ஸ்லிப்பைத் தாண்டி அடித்துக்கொண்டு போகும். வழி அந்தப் பக்கம்தான் என்றால், தாண்டிப் போய், அகலமான இடத்தில் திரும்பி, காற்றுக்கு முகம் கொடுத்து மறுபடி வருவேன். எதிர்த்து வரும்போது எல்லாமே மெதுவாக நடக்கிறது. ஸ்லிப் வாயைத் தாண்டி அரைப் படகு நீளம் மேலே போன பிறகுதான் வலப்பக்கம் ஸ்டியரிங்கை முழுவதும் சுற்றி ஓர் உதை. இப்போது காற்றும் அணியத்தை அதே பக்கம் தள்ளுவதால் திருப்பம் சட்டென்று நடக்கும். திரும்பிக்கொண்டே படகு கீழே விலகும். அந்த விலகலுக்காகத்தான் அரை நீளம் அதிகம் போனது. ஃபிங்கரின் முனை என் இடத் தோளுக்குக் கைநீளத்தில் வர வேண்டும். ஸ்லிப்பின் நடுவைக் குறிவைத்து வந்தால் பாதியில் பக்கத்துப் படகின் மேல் இருப்பேன். அதனால் குறி எப்போதும் காற்றுப்பக்கத்து ஓரம்.

இந்த இடத்தில்தான் நடுக்கயிறு. ஆங்கிலத்தில் ஸ்பிரிங் லைன் என்கிற வகை. படகின் நடுப்பக்கத்தில் உள்ள க்ளீட்டில், அந்த உலோகக் கொம்பில், ஒரு முனை நிரந்தரமாகக் கட்டியிருக்கும். மறுமுனையில் ஒரு பெரிய வளையம். நீளம் அளந்து வெட்டியது: வளையத்தை ஃபிங்கரின் வெளிமுனைக் க்ளீட்டில் மாட்டிப் படகு முன்னால் போனால், அணியம் ஸ்லிப்பின் உள்முனையில் குறுக்கே இருக்கும் தலைமேடையைத் தொடுவதற்கு ஒரு முழத்துக்கு முன்பே கயிறு விறைத்து நிறுத்திவிட வேண்டும். காற்றில்லாத ஒரு காலையில் படகைச் சரியான இடத்தில் நிறுத்திவைத்து அளந்தால் ஒரே முறையில் முடிந்துவிடும். 12 மில்லிமீட்டர் நைலான் என் படகுக்குப் போதும். நைலான் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், அதனால் சுண்டி இழுக்காது.

கயிறு என் மகளின் பொறுப்பு. வயது 14. படகு நடுவில், கைப்பிடியைப் பிடித்தபடி, வளையத்தைக் கொக்கிக் கழியின் நுனியில் விரித்து வைத்துக்கொண்டு நிற்பாள்.

"அப்பா, இப்பப் போடட்டுமா?"

"இன்னும் இல்லம்மா. க்ளீட் உனக்கு நேரா வரட்டும்."

"வந்தாச்சு. போட்டுட்டேன். விழுந்துருச்சு, பிடிச்சுக்கிச்சு."

"கையை எடுத்துரு. கயித்துமேல கை இருக்கக்கூடாது."

குதிப்பதில்லை, எட்டுவதில்லை, இழுப்பதில்லை. வளையம் மாட்டியதும் அவள் வேலை முடிந்தது. நான் ஸ்டியரிங்கை மேடைக்கு எதிர்ப்பக்கம், அதாவது வலப்பக்கம், முழுவதும் சுற்றிவிட்டு, முன் கியரில் போட்டு, த்ராட்டிலைத் தொடாமல் விடுகிறேன். படகு முன்னால் போகப் பார்க்கிறது, கயிறு விடவில்லை. கயிறு பின்னோக்கியும் மேடையை நோக்கியும் சாய்வாக ஓடுவதால், இழுவை படகை மேடைப்பக்கம் கொண்டுவருகிறது. வலப்பக்கம் திருப்பிய எஞ்சின் அமரத்தை இடப்பக்கம், மேடையோடு தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து படகு இணையாக வந்து ஃபெண்டர்களில் ஒட்டிக்கொள்கிறது. 20 நாட் காற்று எதிரே தள்ளிக்கொண்டிருக்கும்போதே. அப்படியே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, இன்னொருவர் இறங்கி நடந்துபோய் அணியக் கயிற்றையும் அமரக் கயிற்றையும் அவசரமில்லாமல் கட்டலாம். அணியம் சற்று விலகி நின்றால் ஸ்டியரிங்கை நடுவை நோக்கிக் கொஞ்சம் தளர்த்துவேன். அமரம் விலகினால் இன்னும் சுற்றுவேன். ஸ்டியரிங்கில் ஆள் இருக்கும்வரை மட்டுமே எஞ்சின் கியரில் இருக்கும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் கட்ட வேண்டும். தண்ணீரிலோ அமரத்தின் ஓரத்திலோ யாராவது இருந்தால் உடனே நியூட்ரல்.

திருவிழாவில் தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வடம் பிடிக்க ஊரே திரண்டு நிற்கும். ஆனால் தேரை நிறுத்துவதும் தெருமுனையில் திருப்புவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற ஒருவர். அவர் தேரோடு மல்லுக்கட்டுவதில்லை. தேரின் வேகத்தையே தனக்கு வேலை செய்ய வைக்கிறார். நடுக்கயிறு செய்வதும் அதுதான்.

உதவிக்கு வருபவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனம் கெடுதல் செய்வதை இங்கே அடிக்கடி பார்க்கிறேன். காற்றில் ஒரு படகு வருவதைப் பார்த்ததும் டாக்கில் இருப்பவர்கள் ஓடிவருவார்கள். கைநீட்டி முதலில் கேட்பது அணியக் கயிறு. கொடுத்தால் பலங்கொண்ட மட்டும் இழுப்பார்கள். அணியம் மேடைக்கு வந்துவிடும். அதே நொடியில் படகு அந்த முனையை அச்சாகக் கொண்டு சுழன்று, அமரம் காற்றோடு வெளியே போய்விடும். ஓட்டுபவர் கையில் இப்போது எதுவும் இல்லை. முன்னால் போக முடியாது, மேடை. பின்னால் போக முடியாது, கயிறு. டாக்கில் நிற்பவருக்கோ, தான் பிடித்திருப்பதால்தான் படகு தப்பியது என்று தோன்றும். ஆகவே கொடுக்கும் கயிற்றைத் தேர்ந்தெடுப்பது ஓட்டுபவரின் உரிமை. நடுக்கயிற்றைத்தான் கொடுப்போம். கூடவே சொல்லிவிடுவோம்: தயவுசெய்து இழுக்க வேண்டாம், அந்தப் பின்பக்கக் க்ளீட்டில் மாட்டிவிட்டு விலகி நின்றால் போதும். மகளே அழகாகச் சொல்கிறாள், அவள் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முன்பின் தெரியாத படகுக்கு நாம் உதவப் போனாலும் இதே ஒழுங்கு. "எந்தக் கயிறு வேண்டும், எங்கே மாட்டட்டும்" என்று ஓட்டுபவரைக் கேட்ட பிறகுதான் கை நீட்ட வேண்டும்.

சரியாக வரவில்லை என்றால் வெளியேறுவது. இதற்கு ஒரு கோடு முன்பே கிழித்திருக்க வேண்டும். என் கோடு ஃபிங்கரின் முனை. அணியம் அதைத் தாண்டும்போது படகு காற்றுப்பக்க ஓரத்தில் இல்லையென்றால், உடனே ரிவர்ஸ், வெளியே. "இன்னும் கொஞ்சம் திருப்பினால் வந்துவிடும்" என்கிற எண்ணம் எழுவதற்குள் கை கியரில் இருக்க வேண்டும். வெளியேற ரிவர்ஸ் நல்ல கியர். பின்னால் போகும்போது அமரம் காற்றைத் தேடிப் போகும் இயல்புடையது. நீர்ச்சந்துக்கு வந்ததும் தானாகவே அந்தக் காத்திருக்கும் நிலைக்குப் படகு வந்துவிடும். அங்கே நின்று, மூச்சு விட்டு, மறுபடி வரலாம். பாதி நுழைந்த படகில் அடம்பிடிப்பதால் கிடைப்பது ஃபைபரில் விரிசல். மூன்றாவது முறையும் நுழைவது எனக்கு வெட்கமாகப் படவில்லை. படகு ஓட்டத் தெரிந்த யாரும் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை.

அன்றைக்கு ஸ்லிப்பே வேண்டாம் என்று முடிவெடுக்கவும் இடம் உண்டு. பல மரினாக்களில் விருந்தினர் டாக் ஒன்று இருக்கும். காற்றுக்கு முகம் கொடுத்துக் கட்டக்கூடிய இடமாக இருந்தால் அங்கே கட்டி, காற்று இறங்கிய பின் ஸ்லிப்புக்கு நகர்த்தலாம். இல்லையென்றால் ட்ரெஷர் தீவுக்கும் யெர்பா புவெனா தீவுக்கும் நடுவே இருக்கும் கிளிப்பர் கோவ் என்கிற சிறு குடா. இரண்டு தீவுகளையும் இணைக்கும் நிலத்திட்டு மேற்கிலிருந்து வரும் அலையைத் தடுத்துவிடும். மேலே காற்று வீசும், கீழே தண்ணீர் தட்டையாக இருக்கும். சேற்று அடிமட்டம், நங்கூரம் பிடிக்கும். வழியில் பெர்க்லியின் பழைய பாலத்துறை எச்சங்களை விலக்கிப் போக வேண்டும். 1926-இல் தொடங்கி, கார்களை ஏற்றிச்செல்லும் ஃபெர்ரிப் படகுகளுக்காக வளைகுடாவுக்குள் மூன்று மைலுக்கு மேல் நீட்டிக் கட்டியது, பல பகுதிகள் இடிந்து வெறும் மரத்தூண்களாக நிற்கின்றன. நாங்கள் படகில் எப்போதும் ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாக வைத்திருக்கிறோம். புளிசாதம் நல்லது, கெடாது. சாப்பாடு இருந்தால் காத்திருக்கும் முடிவை எடுப்பது சுலபம். பசித்த பிள்ளைகளும் மறுநாள் அலுவலகமும் சேர்ந்து ஓட்டுபவரை அவசரப்படுத்துகின்றன. 25 நாட்டில் எடுக்கும் மோசமான முடிவுகள் பலவற்றுக்குப் பின்னால் கடிகாரம்தான் இருக்கிறது.

பழகுவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த ஊரின் கால அட்டவணையை. எல்லா இடத்திலும் கிடைக்காத வசதி இது: ஒரே நாளில், ஒரே இடத்தில், காற்று படிப்படியாக ஏறுகிறது. 9 மணிக்குக் காற்றில்லாமல் ஸ்லிப்புக்குள் போய் வாருங்கள், கயிற்று நீளத்தைச் சரிபாருங்கள். 11 மணிக்கு 8 நாட்டில் அதையே செய்யுங்கள். அணியம் விழுவது இப்போது தெரியும், ஆனால் மன்னிக்கும். 1 மணிக்கு 14, 15 நாட். எது கைமீறுகிறது என்று தோன்றுகிறதோ அந்தப் படியில் நிறுத்திக்கொண்டு, அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்கலாம். ஸ்லிப்புக்குப் போவதற்கு முன், அலை எழாத திறந்த தண்ணீரில் ஒரு மிதவையைப் போட்டு, அதன் பக்கத்தில் அமரத்தைக் காற்றுக்குக் காட்டி நகராமல் நிற்கப் பழகுவது இன்னும் நல்லது. இடிக்க எதுவுமில்லாத இடத்தில் கை தைரியமாகக் கற்கும்.

கலிஃபோர்னியாவில் 15 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டார் படகை 16 வயது நிரம்பாதவர்கள் தனியாக ஓட்டக்கூடாது. 12 முதல் 15 வயது வரை உள்ளவர்கள், 18 வயது நிரம்பிய ஒருவர் படகிலேயே இருந்து கவனித்துக்கொண்டால் ஓட்டலாம். ஆகவே இந்தக் கோடையில் 9 மணிக் காற்றும் 11 மணிக் காற்றும் மகளுடையவை. ஸ்டியரிங்கில் அவள், நடுக்கயிற்றோடு நான். கயிறு போடும் வேளையை அவள்தான் சொல்ல வேண்டும். 1 மணிக் காற்றுக்கு எப்போது போவது என்பதையும் அவளிடமே விட்டிருக்கிறேன்.